மேல்பெட்டிக் காந்தாரம்

ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ச-வையும் ப-வையும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு காந்தாரத்தை, அதாவது ஒரு க-வை, சேர்த்தால் கார்ட் ஆகிவிடும். பல சுரம் ஒன்றாக ஒலிக்கிற கூட்டுதான் கார்ட். அந்தர காந்தாரம் என்றால் மேஜர், சாதாரண காந்தாரம் என்றால் மைனர். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற எவருக்கும் இது பால பாடம். இந்த இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே கட்டை எதுவும் கிடையாது. கட்டைதான் கிடையாதே தவிர, சுரம் உண்டு. பாடுகிறவர் குரல் அந்த இடத்துக்குப் போய் வரும். நாகசுரக்காரர் துளையைப் பாதி திறந்து அங்கே நிற்பார். அந்தச் சுரத்தை ச, ப-வுக்கு நடுவே வைத்து ஒரு கார்ட் பிடித்தால் அதை என்னவென்று சொல்வது?

நான் கோட்டையூர்க்காரன். முகூர்த்த மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ரிசப்ஷன் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிப்பேன். ஆடியிலும் மார்கழியிலும் கை சும்மா இருக்கும். அப்போது பிடித்த பைத்தியம் இது. நுண்சுர இசை என்று இதற்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. வீட்டில் வேறு பெயர் சொல்வார்கள்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்தாயி, அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, 1200 சென்ட். நிலத்துச் சென்ட் இல்லை. அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1880களில் சுர இடைவெளிகளை அளக்கக் கொண்டுவந்த அலகு. கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். பன்னிரண்டும் சம தூரத்தில் இருப்பதால் எந்தக் கட்டைக்குச் சுருதியை மாற்றினாலும் கார்ட் ஒரே மாதிரி ஒலிக்கும். இந்த வசதிக்காகக் காந்தாரம்தான் அடிவாங்குகிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்தியின் சொந்தச் சுரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால், ச தந்தியின் ஐந்தாவது மேற்சுரம் அது. ஸ்தாயி இறக்கிப் பார்த்தால் ச-வுக்கு 5/4 அதிர்வெண் விகிதத்தில், 386 சென்டில் நிற்கும். கீபோர்டின் அந்தர காந்தாரம் இருப்பதோ 400இல். 14 சென்ட் கூடுதல். சாதாரண காந்தாரம் 6/5 விகிதப்படி 316இல் இருக்கவேண்டும், கீபோர்டில் 300. பஞ்சமம், அதாவது ப, மட்டும் 702-க்கு 700 என்று யோக்கியமாக இருக்கிறது.

12ஆகத்தான் பிரிக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கியோம் கோஸ்தெலே என்ற பிரெஞ்சுக்காரர் 1558லேயே ஸ்தாயியை 19ஆகப் பிரித்துப் பாட்டு அமைத்தார். நிக்கோலா விசெந்தினோ 1555இல் வெளியிட்ட நூலில் விவரித்த கட்டை வாத்தியத்தின் சுரங்கள் ஏறக்குறைய 31 சமபாகத்தில் போய் முடிகின்றன. சனிக் கிரகத்தின் துணைக்கோளைக் கண்டுபிடித்தாரே ஹைகன்ஸ், அவரும் 1691இல் இதே 31-க்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். இயற்பியல்காரர் ஃபோக்கர் 1950இல் நெதர்லாந்தில் 31 சுரத்துக்கு ஒரு குழாய் ஆர்கனே கட்ட வைத்துவிட்டார். நம் பக்கத்தில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1917இல் வந்த கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியில் 22 சுருதி என்ற பழைய கணக்கை மறுத்து, ஸ்தாயி 24 சமபாகம்தான் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வாதாடுகிறார். முந்தின ஆண்டு பரோடாவில் நடந்த சங்கீத மாநாட்டிலும் அதைத்தான் பேசினார். பழந்தமிழ் இசை அப்படித்தான் இருந்தது என்ற முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. நானும் அந்த முடிவோடு முழுக்க ஒத்துப்போகிறவன் இல்லை. ஆனால் வரலாறு எப்படி இருந்தால் என்ன, 24-ஐ வாசித்துப் பார்க்க ஒரு தடையும் இல்லையே.

வாசிக்க எளிய வழி, இரண்டு ஆர்மோனியம். ஒன்றைவிட மற்றது 50 சென்ட் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 24.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. பர்மா தேக்கு அலமாரி, எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, கண்ணாடிப் படம் இவற்றோடு பழைய ஆர்மோனியமும் வந்து கிடக்கும். துருத்தியில் ஓட்டை இருந்தால் விலை குறையும், ஓட்டையை ஒட்டிக்கொள்ளலாம். ரீடு உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அப்படி வாங்கிய இரண்டு பெட்டி என்னிடம் இருக்கின்றன.

ரீடு என்பது பித்தளை நாக்கு. அதன் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். ஆணி அடித்திருக்கும் அடிப்பக்கத்தைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். நாக்குக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிக்கொண்டு, பிளேடு முனையால் ஒரே திசையில் இழுக்கவேண்டும். துகள் தங்கினால் நாக்கு சட்டத்தில் உரசிக் கரகரக்கும். சின்ன பிரஷ் பக்கத்திலேயே இருக்கவேண்டும். சுரண்டின சூடு ஆறிய பிறகுதான் செல்போனில் இருக்கிற ட்யூனர் சரியான எண்ணைக் காட்டும். 50 சென்ட் என்பது ஒரு ரீடுக்குப் பெரிய தூரம். மொத்தத்தையும் ஒரே பெட்டியில் ஏற்றினால் நாக்கு நுனி இளைத்துப்போகும். அதனால் ஒரு பெட்டியை 25 ஏற்றி, இன்னொன்றை 25 இறக்கினேன். துருத்தி அழுத்தத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று சென்ட் ஆடத்தான் செய்யும். அதை விட்டுவிடவேண்டியதுதான்.

இரண்டாவது பெட்டிக்கு ஆள் வேண்டுமே. பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். திருப்புகழுக்கு அவர் கை ஓடுகிற ஓட்டம் எனக்கு இந்த ஜன்மத்தில் வராது. கார்ட் என்றால் அவருக்கு அலட்சியம்: "நாலு கட்டையைச் சேர்த்து அமுக்குறதுல என்ன தம்பி இருக்கு?" இருந்தாலும் வந்து உட்கார்ந்தார். இறக்கின பெட்டி என்னிடம், ஏற்றின பெட்டி அவரிடம். கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நான் இங்க ச, ப பிடிக்கிறேன். நீங்க அங்க சாதாரண காந்தாரத்தைப் பிடிங்க."

பிடித்தார். 300 சென்டில் இருக்கவேண்டிய காந்தாரம், மேல்பெட்டி என்பதால் 350இல் வந்து விழுந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். நின்றது.

"இது என்ன தம்பி, அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல? மைனரா இது?"

"மைனர் இல்லண்ணே."

"நான் பிடிச்சது மைனர் காந்தாரம்தானே? அப்ப மைனர்தான்."

அவர் கைக்கு அது மைனர். பெட்டியை மாற்றிக்கொண்டோம். இப்போது நான் மேல்பெட்டியில் ச, ப. அவர் கீழ்ப்பெட்டியில் பழையபடி சாதாரண காந்தாரத்தைப் பிடித்தால் 250இல் வேறு என்னவோ வருகிறது. பழைய கார்ட் வேண்டுமென்றால் அவர் அந்தர காந்தாரத்தைப் பிடிக்கவேண்டும்: 400இல் 50 போனால் 350. அதே கார்ட், ஆனால் இந்தத் தடவை அவர் கையில் இருப்பது மேஜர் கட்டை. அண்ணன் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கைக்கு ஒரு பேரு, காதுக்கு ஒரு பேரு வேணும் போல" என்றார்.

நுண்சுரக் கார்டுகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் முட்டிமோதுகிற இடம் இதுவேதான். இந்த 350 சென்ட் காந்தாரத்துக்கு உலகம் முழுக்க நியூட்ரல் என்று ஒரு பெயர் ஓடுகிறது. 11/9 என்ற விகிதம் 347 சென்ட். அதற்கு இது நெருங்கின சொந்தம். காதுக்கு அந்தப் பெயர் போதும். ஆனால் தாளில் நியூட்ரல் கார்ட் என்று எழுதி அண்ணனிடம் நீட்டினால், எந்தப் பெட்டியில் எந்தக் கட்டை என்று அவருக்கு ஒன்றும் விளங்காது. மேல்பெட்டிக் காந்தாரம் என்று எழுதினால் கை உடனே போய்விடும். பெட்டி மாறினால் பெயர் பொய்யாகிவிடும்.

31-க்கு வந்தால் கதை இன்னும் ருசியாகிறது. இதற்கு ஆர்மோனியம் உதவாது, லேப்டாப்தான். ஸ்காலா என்ற மென்பொருளுக்கான கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. 31 வரியில் சென்ட் எண்களை அடித்துவிட்டால் சின்தசைசர் அதன்படி ஒலிக்கும். ஒரு படி 38.7 சென்ட். பஞ்சமம் 18ஆவது படியில், 697 சென்ட். ஐந்து சென்ட் குறைச்சல்தான், ஆனால் அந்தர காந்தாரம் 10ஆவது படியில் 387இல் வந்து நிற்கிறது. தம்பூராவின் சுயம்பு காந்தாரத்துக்கு ஒரு சென்ட்கூட வித்தியாசமில்லை. இதில் மேஜர் கார்ட் பிடித்துவிட்டுப் பழைய கீபோர்டுக்குத் திரும்பினால், நேற்றுவரை நன்றாக இருந்த கார்ட் லேசாகக் கூசும்.

கர்னாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. நம்மிடம் 12 இடத்துக்கு 16 பெயர். சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டை. ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே கட்டை. தைவத, நிஷாதத்திலும் இதே மாதிரி இரண்டு ஜோடி. பாட்டு வகுப்பில் ஒரே இடத்துக்கு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்காத பிள்ளை கிடையாது. மேற்கத்திய இசையில் டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும் ஒரே கட்டை என்பதும் இதுதான். அந்தப் பெயர்களைச் ச-விலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக ஏறியும் இறங்கியும் எண்ணிக்கொண்டு 31இல் வைத்துப் பாருங்கள். சதுஸ்ருதி ரிஷபம் 5ஆவது படி. சுத்த காந்தாரம் 6. ஷட்ஸ்ருதி ரிஷபம் 7. சாதாரண காந்தாரம் 8. இரண்டே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தனித்தனி வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதுவும் வரிசை கலையாமல். 19-க்கு வந்தால் நடப்பது வேறு: சதுஸ்ருதி ரிஷபம் 3, சாதாரண காந்தாரம் 5, சுத்த காந்தாரமும் ஷட்ஸ்ருதி ரிஷபமும் 4இல் ஒன்றாக. ஜோடியே மாறிவிட்டது.

ஆக 31இல் ச, ப-வுக்கு நடுவே ஐந்து விதமான கார்ட் கிடைக்கிறது. 10ஆவது படியை வைத்தால் மேஜர், 8 என்றால் மைனர், இரண்டுக்கும் நடுவில் 9 நியூட்ரல். 7ஆவது படி, அதாவது ஷட்ஸ்ருதி ரிஷபம், 271 சென்ட். 7/6 என்ற விகிதத்துக்குப் பக்கம். இதைச் சப்மைனர் என்கிறார்கள். மைனரைவிட இருண்டது, ஆனால் விந்தையாக மைனரைவிட அமைதியாக நிற்கும். 11ஆவது படி 426 சென்ட், சூப்பர்மேஜர். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்த மாதிரி ஒரு பளிச். ரிசப்ஷனில் வாசித்தால் சவுண்டுக்காரர் மேடைக்கு ஓடி வருவார்.

ஏழாவது சுரத்தைச் சேர்க்கும்போதுதான் உண்மையான சண்டை. கீபோர்டுக்காரர்கள் செவன்த் என்று எழுதினால் மேஜர் கார்டின் மேல் நி வகைகளில் ஒன்றான கைசிகி நிஷாதம் சேர்க்கவேண்டும் என்று அர்த்தம். தம்பூராவின் ஏழாவது மேற்சுரமோ 7/4, 969 சென்ட். கீபோர்டின் கைசிகி நிஷாதம் 1000இல் இருக்கிறது; 31 சென்ட் தள்ளி. நுண்சுரம் 31இல் கைசிகி நிஷாதம் 26ஆவது படி, 1006 சென்ட். ஏழாவது மேற்சுரத்துக்குப் பொருந்துகிற 25ஆவது படி, 968 சென்ட், யாருடைய வீடு தெரியுமா? ஷட்ஸ்ருதி தைவதத்தின் வீடு. 4:5:6:7 என்று இயற்கையே அடுக்கிக் கொடுக்கிற கார்டில், ஏழு என்ற எண்ணுக்குரிய சுரம் பெயர்ப்படி தைவதம். செவன்த் என்று எழுதினால் 26. இயற்கை ஏழு வேண்டுமென்றால் வேறு மாதிரி எழுதவேண்டும். சிலர் ஹார்மோனிக் செவன்த் என்கிறார்கள். மேற்கத்திய இலக்கணக்காரர்கள் இதை ஒரு வகை ஆறாம் சுரக் கார்டாக எழுதிவந்திருக்கிறார்கள். எழுத்தில் ஆறாகவே வைத்திருந்த அவர்கள் பிடிவாதம் 31இல் நியாயமாகிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் நகரத்தார் வீடுகளில் ஐயா பெயரைப் பேரனுக்கும் ஆயா பெயரைப் பேத்திக்கும் வைப்பது வழக்கம். அதனால் சில பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். ஒரே தெருவில் நாலு மெய்யப்பன் இருப்பார்கள், மூன்று வள்ளியம்மை இருப்பார்கள். ஆகவே பெயருக்கு முன்னே முன்னோர் பெயர்களின் எழுத்துகளை அடுக்கி விலாசம் என்று வைத்துக்கொண்டார்கள். விலாசத்தைச் சொன்னால் யார் வீட்டுப் பிள்ளை, எத்தனையாவது தலைமுறை என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆள் எப்படி இருப்பார் என்று அதில் தெரியாது. அதற்கு நெட்டை மெய்யப்பன், சிவத்த மெய்யப்பன் என்று பட்டப்பெயர் இருக்கிறது. தபால்காரருக்கு இரண்டும் வேண்டாம், கதவு எண் போதும். கார்டுகளுக்குப் பெயர் வைப்பதிலும் இந்த மூன்று வழியைத் தவிர நாலாவது ஒன்றை நான் பார்க்கவில்லை.

விலாசம் என்பது பஞ்சம வம்சம். ச-வின் பஞ்சமம் ப. அதன் பஞ்சமம் சதுஸ்ருதி ரிஷபம். அதன் பஞ்சமம் சதுஸ்ருதி தைவதம். அதன் பஞ்சமம் அந்தர காந்தாரம். நாலாம் தலைமுறை. மேஜர், மைனர், ஷார்ப், ஃப்ளாட் எல்லாமே இந்த வம்சாவளியிலிருந்து பிறந்த பெயர்கள். பட்டப்பெயர் என்பது காதுக்கு எப்படி இருக்கிறது என்பது: 4:5:6 என்று விகிதத்தாலோ நியூட்ரல், சப்மைனர் என்றோ சொல்வது. கதவு எண் என்பது படி எண்: 0-10-18. துல்லியம் என்றால் இதுதான். ஆனால் 31 என்ற தெருவைத் தாண்டினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 24இல் 0-7-14 என்பதும் 31இல் 0-9-18 என்பதும் காதுக்கு ஒரே நியூட்ரல்தான். எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

12இல் விலாசமும் பட்டப்பெயரும் ஒரே ஆளைத்தான் காட்டும். நாலு பஞ்சமம் ஏறினால் 400 சென்ட். காது அதை 5/4 என்று மன்னித்து ஏற்றுக்கொள்கிறது. 31இலும் 19இலும் நாலு பஞ்சமம் ஏறினால் இனிமையான காந்தாரத்திலேயே இறங்கலாம். 53இல் பஞ்சமம் 701.9 என்று கிட்டத்தட்டச் சுத்தம். ஆனால் நாலு பஞ்சமம் ஏறினால் 18ஆவது படி, இனிமையான காந்தாரம் இருப்பது 17இல். ஒரு படிதான் பிசகு, சமாளிக்கலாம். 22இல்தான் இரண்டும் அடியோடு பிரிந்துவிடுகின்றன.

22 என்றாலே நம்மவர்களுக்கு ஓர் ஆர்வம். சிலப்பதிகார உரை வழியாக வந்திருக்கிற பழைய கணக்கில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22 அலகு. கானாடுகாத்தான்காரரான ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1940களில் தமிழிசை இயக்கத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்பதால் இந்தப் பெயர்கள் இங்கே படித்தவர் வாயில் இன்றும் புழங்குகின்றன. ஒவ்வொரு சுரத்தின் அலகையும் அந்தச் சுரத்துக்கு முன்னே வைத்து எண்ணினால், குரலிலிருந்து கைக்கிளை 7ஆவது அலகிலும் இளி 13ஆவது அலகிலும் வரும். ஸ்தாயியை 22 சமபாகமாகப் பிரித்து 7ஆவது படியையும் 13ஆவது படியையும் அளந்தால் 382 சென்ட், 709 சென்ட். இனிமையான காந்தாரமும் கொஞ்சம் ஏறின பஞ்சமமும். இதைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். குதிக்கவேண்டாம்: அலகு எல்லாம் சம அளவு என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. 1877இல் போசன்கே என்ற ஆங்கிலேயர்தான் இந்திய 22-ஐச் சமபாகமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்து எழுதினார். சமபாக 22 தனி விளையாட்டு. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்த விளையாட்டில் ஒரு படி 54.5 சென்ட், பஞ்சமம் 13 படி. வம்சாவளியை எண்ணுங்கள். நாலு பஞ்சமம் 52 படி; இரண்டு ஸ்தாயியை, அதாவது 44-ஐக் கழித்தால் 8. ஆகவே விலாசப்படி அந்தர காந்தாரம் 8ஆவது படி, 436 சென்ட். கண்ணைக் கூசவைக்கிற அந்தச் சூப்பர்மேஜர்! சாதாரண காந்தாரம் 5ஆவது படி, 273 சென்ட், சப்மைனர். தம்பூரா காட்டுகிற இனிய காந்தாரம் இருக்கிற 7ஆவது படி யாருடையது? ஒன்பது பஞ்சமம் ஏறிப் பாருங்கள்: 117 படி, ஐந்து ஸ்தாயி 110 போனால் 7. ஷட்ஸ்ருதி ரிஷபம்! விலாசத்தை மட்டும் நம்பினால் 22இன் மிக இனிய மேஜர் கார்டை ச, ஷட்ஸ்ருதி ரிஷபம், ப என்று எழுதவேண்டும். மேஜர் என்று எழுதினால் கூசுகிற கார்ட் வரும். சுத்த காந்தாரம் இன்னும் மோசம், 2ஆவது படிக்குப் போய்விடுகிறது. 4ஆவது படியில் இருக்கிற சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் கீழே. ரி-க்குக் கீழே க. பாட்டு வகுப்பில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

இதற்குக் கைட் கீட்ரைட்டிஸ் என்பவர் ஒரு வழி செய்திருக்கிறார். விலாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேவைப்படுகிற இடத்தில் ஒரு படி மேலே என்றால் மேல்நோக்கிய குறி, ஒரு படி கீழே என்றால் கீழ்நோக்கிய குறி. அப், டவுன் என்று வாசிப்பார்கள். 22இல் 8ஆவது படியிலிருந்து ஒன்று இறங்கினால் 7, ஆகவே இனிய மேஜர் கார்ட் டவுன்மேஜர். 5இலிருந்து ஒன்று ஏறினால் 6, 327 சென்ட். அது அப்மைனர், நமக்குப் பழக்கமான மைனரின் சாயல். 24இலும் 31இலும் மேஜருக்கும் மைனருக்கும் சரி நடுவில் இருப்பது மிட். எங்கள் மேல்பெட்டிக் காந்தாரத்துக்கு இந்தக் கணக்கில் மிட் என்று பெயர். எந்தப் பெட்டியில் வாசித்தாலும் அதே பெயர். எந்தப் பிரிப்புக்குப் போனாலும் முறை மாறாது என்பது இதன் பெரிய பலம். மேற்கத்தியக் குறிப்புகளை ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவருக்கு இரண்டே குறிதான் புதுசு.

இந்த முறையில் ஒரு கமா வரும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். 22இல் டவுன் செவன்த் என்று சேர்த்து எழுதினால் காந்தாரம், நிஷாதம் இரண்டும் ஒரு படி இறங்கவேண்டும்: 0-7-13-17. டவுன் என்று எழுதி, கமா போட்டு, பிறகு செவன்த் என்று எழுதினால் காந்தாரம் மட்டும் இறங்கும், நிஷாதம் தன் இடத்தில்: 0-7-13-18. இந்த இரண்டாவதுதான் 22இல் 4:5:6:7-க்கு நெருக்கம். கமா விழுந்துவிட்டால் நிஷாதம் 54 சென்ட் கீழே போய், இனிய கார்ட் புளித்துப்போகும். கச்சேரியில் கை நடுங்க எழுதின கார்ட் ஷீட்டில் ஒரு கமாவை நம்பி உட்காரலாமா என்றால், நான் உட்காரமாட்டேன்.

என் மனத்தாங்கல் அதைவிட அடிப்படையானது. 22 என்ற பிரிப்பில் எல்லாவற்றையும்விட இனிமையாக, ஓய்வாக ஒலிக்கிற கார்டுக்கு டவுன்மேஜர் என்று பெயர். ஏதோ மேஜரிலிருந்து தவறி விழுந்தது மாதிரி. அதை வைத்துப் பாட்டு முடிக்கிறோம். பெயரோ குறைபட்ட பெயராக இருக்கிறது. வாசிக்கிறவர் மனசில் பெயர் வேலை செய்யும். டிமினிஷ்ட், அதாவது குறுக்கப்பட்டது, என்று எழுதியிருந்தால் கொஞ்சம் பதறித்தான் வாசிப்பார்கள், கவனித்துப் பாருங்கள். அதனால் 22-க்கு மட்டும் நான் விலாசத்தைத் தூக்கிப்போட்டுவிட்டேன். மேஜர் என்றால் காதுக்கு மேஜர், 0-7-13. மைனர் என்றால் 0-6-13. விலாசம் பார்த்துக் கிடைக்கிற 8-க்கும் 5-க்கும் சூப்பர், சப் என்று முன்னொட்டு. ஏழாவதுக்கு வெறும் 18 என்று படி எண்ணையே எழுதிவிடுகிறேன். முறைகேடு என்று தெரியும். 22-க்கு எழுதினதை 31-க்கு மாற்றும்போது ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தவேண்டியிருக்கிறது. அப்-டவுன்காரர்களுக்கு அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆனால் நான் வருஷத்தில் பாதி நாள் ரிசப்ஷனில் வாசிக்கிறவன். எனக்குப் பெயர் என்பது பக்கத்தில் இருக்கிற ஆளிடம் ஒரு நொடியில் சொல்லி, அவர் கையும் காதும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டிய விஷயம். உலகத்துப் பிரிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர், நூல் எழுதுகிறவருக்குத்தான் அவசரம்.

31-க்கு விலாசத்தையே வைத்திருக்கிறேன். அங்கே அது காதோடு சண்டை போடுவதில்லை. நம் 16 பெயரும் அங்கே சும்மா உட்காராமல் வேலை செய்கின்றன. பஜனை மடத்து அண்ணனுக்கு 24-க்கு எழுதிக் கொடுக்கும் தாளில் பெட்டியும் கட்டையும் மட்டும். கார்டின் பெயரைத் தாளின் ஓரத்தில் எனக்காக எழுதிக்கொள்கிறேன். அவர் அந்த ஓரத்தையும் படிக்கிறார் என்பது, போன வாரம் "இந்த எடத்துல நியூட்ரல் வேண்டாம் தம்பி, இறங்கிப் போ" என்று சொன்னபோது தெரிந்தது.

இன்னும் தீராதது டிமினிஷ்ட் செவன்த். 12இல் மூன்று மூன்று கட்டையாக நாலு தடவை தாண்டினால் ஸ்தாயி சரியாக மூடிக்கொள்ளும். அதனால் அந்தக் கார்டின் நாலு சுரத்தில் எதை வேண்டுமானாலும் மூலம், அதாவது கார்டுக்குப் பெயர் தருகிற சுரம், என்று சொல்லலாம். ஒரே கார்டுக்கு நாலு பெயர். மெல்லிசையில் திடீரென்று சுருதி மாறுகிற இடங்களில் இந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்து வெளியே வருவார்கள். 31இல் சாதாரண காந்தாரத் தூரம் 8 படி. 0-8-16-24, அடுத்தது 32. ஸ்தாயியைத் தாண்டி ஒரு படி வெளியே போய்விட்டது. மூடவேண்டுமென்றால் கடைசி இடைவெளி 7ஆக இருக்கவேண்டும். ஆகவே எங்கே 7 இருக்கிறதோ அதற்கு மேலே இருக்கிற சுரம்தான் மூலம். பெயர் ஒன்றே ஒன்று, தகராறே இல்லை. ஆனால் பழைய பாட்டு ஒன்றை அப்படியே 31-க்குக் கொண்டுபோனால், டிமினிஷ்ட் வந்து சுருதி மாறுகிற இடத்தில் ஏதாவது ஒரு சுரத்தை ஒரு படி, 39 சென்ட், நகர்த்தியே ஆகவேண்டும். எந்தச் சுரத்தை என்பதற்கு எந்தப் பெயர் முறையிலும் விடை இல்லை. பாடுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அதை விட்டுவிட்டு மற்றதில் ஒன்றை நகர்த்துகிறேன். கார்டின் பெயரை அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன்.